ஊட்டி ரயிலுக்கு என்ன கேட்பது? (கடிதம்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஊட்டி மலை ரயில் மழைக்கு மழை நிற்கிறது. நஷ்டம் என்றும் சொல்கிறார்கள். இப்படியே மூடிவிடுவார்களோ? கட்டணத்தை ஏற்றி, நீராவிக்குப் பதில் டீசல் போட்டால் பிழைக்காதா? சேலம் ரயில்வே கோட்டத்துக்கு மனு எழுதப்போகிறோம், என்ன கேட்கலாம்?

வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்

அன்புள்ள நண்பருக்கு,

முகவரி சரி. 2007-ல் சேலம் கோட்டம் உருவானபோது மேட்டுப்பாளையம்–உதகை பாதை இதற்குள் வந்துவிட்டது. நீங்கள் சொன்ன இரண்டையும் மட்டும் மனுவில் எழுதாதீர்கள்.

குன்னூருக்கு மேலே டீசல்தான் ஓடுகிறது. அங்கே பல் தண்டவாளம் (நடுவே ஓடும் பல் வைத்த இரும்புப் பட்டை; இன்ஜினின் பல்சக்கரம் அதைக் கடித்து ஏறும்) இல்லை. கல்லாறிலிருந்து குன்னூர் வரை 12 மீட்டருக்கு 1 மீட்டர் ஏற்றம். சாதாரண டீசல் இன்ஜின் அதில் வழுக்கும். எக்ஸ் வகை நீராவி இன்ஜினில் நான்கு சிலிண்டர்கள்: சாதாரண சக்கரங்களைச் சுழற்ற இரண்டு, பல்சக்கரங்களைச் சுழற்ற இரண்டு. அதுவும் கீழ்ப்பக்கம் நின்று பெட்டிகளைத் தள்ளித்தான் ஏற்றுகிறது; இணைப்பு அறுந்தாலும் பெட்டி பின்னால் ஓடாது. அதனால் பெட்டிகளும் சிலதான், பெட்டிக்கு ஒரு பிரேக்ஸ்மேன் வேறு. இருக்கிற சீட்டுக்கு எவ்வளவு ஏற்றினாலும் எத்தனை ரூபாய் வந்துவிடும்?

பாதையை நிறுத்துவது தண்ணீர். பாதைக்காக மலையை வெட்டிய சரிவின் தலையில் மழைநீரை மறித்து ஓரமாகத் திருப்பும் வாய்க்கால் ஒன்று உண்டு. சருகும் மண்ணும் அடைத்தால் தண்ணீர் சரிவுக்குள் இறங்கி, பாறைக்கு அடியில் இருக்கும் மண்ணைக் கரைத்துவிடும். பாறை உருண்டு தண்டவாளத்தில் வந்து உட்காரும். தடுப்புச்சுவரில் தண்ணீர் வடிய விட்ட துளைகள் அடைத்தால் சுவரே வெளியே பிதுங்கும். ஏற்காட்டு ரோட்டில் மழைக்கு மறுநாள் மண் கிடக்கிறதே, அதே கதை. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். வாய்க்காலும் கல்வெர்ட்டும் செப்டம்பருக்குள் சுத்தமாகியிருக்க வேண்டும். டிசம்பரில் மண் அள்ளும் செலவோடு பார்த்தால் இது சில்லறை.

அடுத்தது பல் தண்டவாளம். இரட்டைப் பட்டைகள், ஒன்றின் பல் மற்றதன் இடைவெளிக்கு நேராக நிற்கும், அதனால் பிடி விடாது. தேய்ந்த பட்டைக்குப் பக்கத்தில் புதியதை மாட்டினால் சுமை முழுவதும் புதியதன் மேல் விழுந்து பல் விரிசல் விடும். ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். சரிவில் தண்டவாளம் கீழ்நோக்கி நகரும் குணமும் உண்டு. பட்டை இணைப்பின் இடைவெளி கூடினால் பல்சக்கரம் ஒவ்வொரு இணைப்பிலும் இடிக்கும்; தண்டவாளத்தை நகராமல் பிடிக்கும் நங்கூரம் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்காமல் வெறும் கிரீஸ் தடவிப் பயனில்லை.

ஆக, மூன்றே கேள்விகள் போதும்: வாய்க்கால் கடைசியாக எந்தத் தேதியில் தூர்வாரப்பட்டது? குன்னூர் ஷெட்டில் எத்தனை பல்சக்கரங்கள் கையிருப்பில் உள்ளன? இந்த ஆண்டு எத்தனை ஜோடிப் பட்டைகள் மாற்றப்பட்டன? தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். மனுவை அந்தப் பதிலோடு சேர்த்து அனுப்புங்கள்.