செல்லங்கள் பக்கம்: இதயத்துக்கு டானிக் உண்டா?

எங்கள் கோல்டன் ரெட்ரீவருக்கு 7 வயது. கொஞ்ச நாளாக இருமல், வாக்கிங் போனால் பாதி வழியில் உட்கார்ந்துவிடுகிறான். எக்கோ எடுத்த டாக்டர் இதயம் விரிந்து பலவீனமாகிவிட்டது என்று சொல்லி, இதய மருந்துகளோடு டாரின், கார்னிட்டின் இரண்டையும் எழுதித் தந்தார். இவை நிஜமாகவே வேலை செய்யுமா, சும்மா சத்து மாத்திரையா?
- வாசகி, கோவை

சும்மா எழுதியதில்லை, அதுவும் உங்கள் வீட்டில் இருப்பது கோல்டன். டாரின் இதயத் தசை சுருங்கி விரியத் தேவைப்படும் ஒரு அமினோ அமிலம், பெரும்பாலான நாய்கள் மெத்தியோனின், சிஸ்டீனிலிருந்து அதைத் தாங்களே தயாரித்துக்கொள்ளும், ஆனால் கோல்டன், காக்கர் ஸ்பேனியல், நியூஃபவுண்ட்லேண்ட் மாதிரி சில இனங்களில் அது குறைந்துபோவதைப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்கன் காக்கர் ஸ்பேனியல்களுக்கு டாரினையும், கொழுப்பை இதயத் தசை எரிபொருளாக்க உதவும் கார்னிட்டினையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1997-ல் வந்தது. மூன்று நான்கு மாதங்களில் பெரும்பாலான நாய்களுக்கு மற்ற இதய மருந்துகளைப் படிப்படியாக நிறுத்தவே முடிந்தது. உடனே பிமோபென்டான் மாதிரி இதய மருந்துகளை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்! அங்கே எக்கோவில் இதயம் தேறியதைப் பார்த்த பிறகுதான் நிறுத்தினார்கள். உங்களுக்கும் அதே வழிதான், அதனால் மூன்று மாதம் பொறுத்து மறு எக்கோ.

பெரிய நாய்க்கு டாரின் வழக்கமாக ஒரு வேளைக்கு 500 முதல் 1000 மி.கி., நாளுக்கு இரண்டு மூன்று வேளை. அதிகமானது சிறுநீரில் போய்விடும் என்பதால் பயமில்லை. கார்னிட்டின்தான் பர்ஸைக் கடிக்கும்: கிலோவுக்கு 50-100 மி.கி., நாளுக்கு மூன்று வேளை என்றால் 30 கிலோ நாய்க்கு ஒரு வேளைக்கே குறைந்தது 1500 மி.கி. ஆகிறது. அது குறைவாக இருக்கிறதா என்று ரத்தத்தில் பார்த்தும் நிச்சயமாகச் சொல்ல முடியாது, ஏனென்றால் ரத்தத்தில் சரியாக இருந்தும் இதயத் தசைக்குள் குறைந்திருக்கலாம். பணம் இடித்தால் டாக்டரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள், டாரினை மட்டுமாவது தொடரலாம்.

நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன், என்ன சாப்பிடுகிறான்? அரிசி, கோதுமை எதுவும் கலக்காத, அதற்குப் பதில் பட்டாணியும் பருப்பும் நிறையச் சேர்த்த விலையுயர்ந்த 'தானியமில்லா' உணவு என்றால் மாற்றுங்கள். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2018 ஜூலையில் இந்த உணவுகளுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று எச்சரித்தது. காரணம் இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை, இருந்தாலும் உணவை மாற்றியதும் இதயம் தேறிய நாய்கள் இருக்கின்றன, மாற்றுவதில் உங்களுக்கு நஷ்டமும் இல்லை.

பக்கத்து வீட்டு டாபர்மேனுக்கும் இதே மாத்திரையைச் சிபாரிசு செய்துவிடாதீர்கள். அந்த இனத்தில் இது பெரும்பாலும் பரம்பரைக் கோளாறு, டாரின் அளவு பொதுவாகச் சரியாகவே இருக்கும்.

நாங்கள் சைவம். பூனைக்குப் பால்சோறு, தயிர்சாதம், எப்போதாவது கொஞ்சம் நாய் பிஸ்கட். நன்றாகத்தான் இருக்கிறது. டாரின் இல்லாவிட்டால் இதயம் போகும் என்று யாரோ பயமுறுத்துகிறார்கள்.
- வாசகர், கும்பகோணம்

பயமுறுத்தியவர் சொன்னது சரிதான். பூனையால் தேவையான அளவு டாரினைத் தயாரிக்க முடியாது, அதோடு பித்த அமிலத்துக்காகத் தினமும் செலவு வேறு செய்துகொண்டே இருக்கிறது. சோறு, பருப்பு, காய்கறியில் டாரின் கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள், பாலில் இருப்பது போதாது. வெளியே எலி, பல்லி பிடித்துத் தின்று உங்கள் பூனை இத்தனை நாள் சமாளித்திருக்கும்.

டாரின் குறைந்தால் பூனையின் இதயம் விரிந்து செயலிழக்கும் என்பதை 1987-ல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் பால் பியானும் அவரோடு இருந்தவர்களும் கண்டுபிடித்தார்கள். டாரினைத் திரும்பக் கொடுத்ததும் இதயம் பழையபடி ஆனதுதான் அதில் பெரிய செய்தி. பூனை உணவு நிறுவனங்கள் டாரினைக் கூட்டின, அந்த நோயே அரிதாகிவிட்டது. கண்ணின் விழித்திரையும் இதே குறையால் கெடும், ஆனால் கெட்டுப்போன விழித்திரை திரும்பாது.

வீட்டில் அசைவம் சமைக்க வேண்டாம், பூனைக்கென்றே எல்லாச் சத்தும் சேர்த்து விற்கும் முழு உணவை வாங்குங்கள். நாய் பிஸ்கட் பூனைக்குச் சாப்பாடு ஆகாது. கோழி கொடுப்பவர்கள் வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிடாமல் சேர்த்தே ஊற்றுங்கள், டாரின் அதில்தான் கரைந்திருக்கும்.

என் பெர்ஷியன் பூனைக்கு இதயச் சுவர் தடித்திருக்கிறது என்கிறார்கள். டாரின் கொடுக்கட்டுமா?
- வாசகி, திருச்சி

இது வேறு நோய், தசை மெலிந்து விரிவதில்லை, தடிப்பது. டாரின் இதைக் குணமாக்காது. ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மருந்தை டாக்டர் எழுதியிருந்தால் அதை ஒரு வேளைகூட விடாதீர்கள்.

ஜிம்முக்குப் போகும் என் மகன், எனர்ஜி டிரிங்கில் டாரின் இருக்கிறதே, அதையே நாய்க்கு ஊற்றலாம் என்கிறான். மீன் எண்ணெய் கொடுக்கலாமா?
- வாசகர், மதுரை

மகனை அந்த டப்பாவோடு தள்ளி நிற்கச் சொல்லுங்கள், அதில் காஃபின் இருக்கிறது, நாய்க்கு அது விஷம். சைலிட்டால் என்ற சர்க்கரை மாற்று சேர்த்த இனிப்பு மாத்திரைகளும் அப்படியே. மீன் எண்ணெய் கொடுக்கலாம், இதய நோயில் உடம்பு மெலிந்துகொண்டே போகிற நாய்களுக்குப் பலன் உண்டு. மீன் எண்ணெயில் இருக்கும் ஒமேகா-3 கொழுப்புகளான ஈ.பி.ஏ., டி.எச்.ஏ. இரண்டும்தான் வேலை செய்பவை; நாளுக்குக் கிலோவுக்கு 40 மி.கி. ஈ.பி.ஏ., 25 மி.கி. டி.எச்.ஏ. என்பது கணக்கு, ஈ.பி.ஏ. 180, டி.எச்.ஏ. 120 மி.கி. என்று எழுதியிருக்கும் சாதாரண 1000 மி.கி. கேப்சூல் என்றால் 10 கிலோ நாய்க்கு இரண்டு வரும். மீன் ஈரல் எண்ணெய் என்று எழுதியிருந்தால் மட்டும் வாங்காதீர்கள், அந்த அளவுக்குக் கொடுத்தால் வைட்டமின் ஏ, டி இரண்டும் அளவு மீறிவிடும்.