பறை காயும் நேரம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் ஊரில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து மாதம் ஒரு மாலை நாட்டுப்புற இசை நிகழ்ச்சி நடத்துகிறோம். எண்பது நாற்காலி போடக்கூடிய சின்ன மண்டபம். போன ஐப்பசியில் பறை, உடுக்கைப் பாட்டு, வில்லுப்பாட்டு மூன்றும் வைத்தோம். வரவேற்புரை, பறையின் வரலாறு பற்றி ஓர் உரை, பொன்னாடை எல்லாம் முடிந்து பறைக்குழு மேடையேறியபோது ஓசையே எழவில்லை. அட்டைப்பெட்டியைத் தட்டுவது போல இருந்தது. நான்கு பறைக்கும் மைக் வைத்துப் பார்த்தோம். ஸ்பீக்கர் ஊளையிட்டதுதான் மிச்சம். ஏ.சி. குளிரில் தோல் தளர்ந்துவிட்டது என்கிறார்கள். அடுத்த மாதம் பெரிய ஸ்பீக்கர் எடுக்கலாமா? புதிதாகப் பாட வருகிறவர்களுக்கு நடுவில் இடம் தரலாமா? இளைஞர்களை எப்படி வரவழைப்பது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மாதம் தவறாமல் எண்பது நாற்காலியைத் தூக்கிப் போட்டு, எடுத்து அடுக்குவது லேசான வேலையில்லை. அதைச் செய்கிறவர்கள் மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. ஆகவே கோபத்தை மறைக்காமலே எழுதுகிறேன். உங்கள் பறையைக் கெடுத்தது பொன்னாடை. ஏ.சி. மேல் பழி போடாதீர்கள். அது காற்றின் ஈரத்தை இழுத்துவிடும், தோலுக்கு ஓரளவு நல்லதே. கதவைத் திறந்தால் உள்ளே வரும் ஐப்பசி மழைக்காற்றும், நீங்கள் பேசித் தீர்த்த நேரமும்தான் காரணம்.

பறையைக் கையில் வாங்கிப் பாருங்கள். வளைவான மூன்று மரத்துண்டுகள், பெரும்பாலும் வேம்பு. அவற்றைப் பிணைக்கும் இரும்புத் தகடுகள். ஒரு முகத்தில் மட்டும் மாட்டுத்தோல், புளியங்கொட்டைப் பசையால் ஒட்டியது. குறுக்களவு ஏறத்தாழ 35 செ.மீ. இழுத்துக் கட்டக் கயிறு உண்டா? முடுக்க ஆணி உண்டா? கிடையாது. தவிலுக்கு இரும்பு வளையமும் போல்ட்டும் வந்துவிட்டன, ஸ்பேனரால் முறுக்கலாம். உடுக்கையின் இடுப்புக் கயிற்றை அழுத்தினால் சுருதி ஏறும். பறைக்குச் சுருதி கூட்ட இருப்பது சூடு ஒன்றுதான், மாலை நிகழ்ச்சிக்கு அது தீ. தோல் காற்றில் இருக்கும் ஈரத்தைக் குடித்து நீளும், தொய்யும். சூடு அந்த ஈரத்தை விரட்டித் தோலைச் சுருக்கும். தீயை விட்டு நகர்ந்த கணத்திலிருந்து தோல் மறுபடி ஈரம் குடிக்கத் தொடங்கும். மழைநாளில் காய்ச்சிய பறை அரைமணி நேரம் தாங்கினாலே பெரிது. நீங்கள் எத்தனை நிமிடம் பேசினீர்கள் என்று கடிதத்தில் எழுதவில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள்.

காய்ச்சுவதில் அவசரம் கூடாது. வைக்கோல், காய்ந்த ஓலை, காகிதம் போதும். தழல் சட்டென்று எழுந்து அடங்க வேண்டும். தோல் முகத்தைத் தீப்பக்கம் திருப்பி, ஒன்றரை இரண்டு அடி தள்ளிப் பிடித்து, வண்டிச்சக்கரம் போலச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே இடத்தில் நிறுத்தினால் அந்த இடம் மட்டும் இறுகிக் கருகும், அடுத்த அடியில் கீறும். விளிம்பில் சூடு மிஞ்சினால் பசை விட்டுவிடும். தோல் அளவுக்கு மேல் சுருங்கினால் மரத்துண்டுகளின் இணைப்பே அசையும். அதனால் அரை நிமிடத்துக்கு ஒருமுறை விரலால் சுண்டிக் கேட்பார்கள். முதலில் ‘தொப்’ என்று விழும். பிறகு ஓசையில் ஒரு நரம்பு தெரியும். கணீரென்று வந்ததும் விலக்கிவிட வேண்டும். பிளாஸ்டிக் தோல் போட்ட பறையைத் தப்பித்தவறியும் தீயருகே கொண்டுபோகாதீர்கள்.

கணீரென்று வந்த பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு மனிதர் மேடை ஓரத்தில் நிற்கிறார். மேடையில் ஒருவர் பறையின் தொன்மை பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார். தொல்காப்பியம் பறையை ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களில் ஒன்றாக வைத்திருக்கிறது, உண்மை. ஒரு வரியில் சொல்லி இறங்கலாமே! அவர் பறையைப் புகழப் புகழ, பத்தடி தள்ளி அதே பறையின் தோல் தளர்ந்துகொண்டிருக்கிறது. பறையிசைக் கலைஞர் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள், எல்லோரும் மகிழ்ந்தோம். அந்த மகிழ்ச்சி உண்மையானால் பறையடிப்பவரின் நேரத்தை மதியுங்கள். ஆறு மணி நிகழ்ச்சி என்றால் ஐந்து நாற்பதுக்குத் தீ மூட்டட்டும். ஆறுக்கு முதல் அடி விழட்டும். விளக்கேற்றல், வரவேற்பு, துண்டு, பொன்னாடை எல்லாம் அதற்குப் பிறகு. இருபது நிமிடம் அடித்துவிட்டு அவர்கள் இறங்கட்டும். உடுக்கைப் பாட்டும் வில்லுப்பாட்டும் முடியும் வேளையில் பின்புறம் மறுபடி காய்ச்சி, கடைசியில் இன்னொரு முறை ஏறட்டும்.

பெரிய ஸ்பீக்கர் வேண்டாம். தொய்ந்த தோலில் குச்சி விழும் ‘சடக்’ இருக்காது, அடித்தொண்டை ஓசைதான் இருக்கும். இல்லாததை ஸ்பீக்கர் எங்கிருந்து கொண்டுவரும்? இருப்பதைப் பெரிதாக்கி மண்டபத்தை அதிர வைக்கும், அவ்வளவுதான். ஊளைக்கும் கணக்கு உண்டு. திறந்த மைக் இரட்டிப்பாகும்போதெல்லாம், ஊளை தொடங்குமுன் கிடைக்கும் சத்தத்தில் 3 டெசிபல் பறிபோகும். ஒன்று நான்கானால் 6. எண்பது பேர் மண்டபத்துக்குக் காய்ந்த பறை நான்கு இருந்தால் மைக்கே தேவையில்லை. பாடுகிறவருக்கு மட்டும் ஒன்று, வாயிலிருந்து மூன்று விரல் தள்ளி. மைக் தலையைக் கையால் பொத்திப் பிடிக்க விடாதீர்கள், பொத்தினாலே கத்தும். பறைக்காரர்களைப் பாடகருக்குப் பின்னால் நிறுத்தாமல் பக்கவாட்டில் நிறுத்துங்கள். சாதாரணப் பாட்டு மைக், பக்கத்திலிருந்து வருவதை நேரே வருவதைவிட 6 டெசிபல் குறைத்தே வாங்கும். பின்னால் நின்றால் பாடகரின் தோளுக்கு மேலாகப் பறை நேராக மைக்குக்குள் போய்விடும்.

புதியவர்கள் பாடட்டும். ஆளுக்கு இரண்டு பாட்டு, அதற்கு மேல் வேண்டாம். இளைஞர்கள் வருவது பற்றி இப்போது கவலைப்படாதீர்கள். ஆறு மணிக்குத் தெருவரை ஓசை கேட்கட்டும், பிறகு பேசலாம்.

இன்னொன்று. தீ மண்டபத்துக்கு வெளியேதான் மூட்ட முடியும். பறையடிப்பவரை வெளியே நிற்க வைத்த பழக்கம் நம் ஊர்களில் பழையது, அதன் வலி இன்னும் ஆறவில்லை. ஆகவே அந்த இடத்தை மனசோடு ஒழுங்கு செய்யுங்கள். மழைக்கு மேலே தகரமோ தார்ப்பாயோ, நல்ல விளக்கு, மேடைக்கு முன் போடுகிற அதே நாற்காலிகள், குடிக்கத் தண்ணீர். உங்கள் குழுவில் ஒருவர் அவர்களோடு கூடவே இருக்க வேண்டும். உள்ளே பாட்டு முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது அவர் சொல்ல வேண்டும், அப்போதுதான் இரண்டாம் தீயை மூட்ட முடியும். வைக்கோலை முதல் நாளே வாங்கி நனையாமல் உள்ளே வையுங்கள். ஈர வைக்கோல் புகையும், தழல் வராது. பக்கத்தில் ஒரு வாளி மணலும் ஒரு வாளி தண்ணீரும் இருக்கட்டும்.