விஞ்ஞான, தொழினுட்பக் கல்வியில் சித்திரமும் வடிவமைப்பும் எதற்கு? பரீட்சைக்குப் படிக்கும் நேரம் வீணாகாதா?

வீணாகாது. பண்டாரவளைப் பக்கத்தில் தோட்டப் பாடசாலையொன்றில் விஞ்ஞானம் கற்பிப்பவள் நான்; பார்த்ததைத்தான் சொல்கிறேன். கண்காட்சிக்காக ரெஜிபோமில் எரிமலை செய்து வர்ணம் பூசுவதை இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். அது அலங்காரம். "இதை யார் பயன்படுத்தப்போகிறார்கள்?" என்று பிள்ளை கேட்கத் தொடங்கும்போதுதான் வடிவமைப்பு தொடங்குகிறது.

மழைமானியை எடுத்துக்கொள்ளுங்கள். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயன் வீடுகளை மூடியதை எங்கள் பகுதியில் எல்லா வீட்டாரும் அறிவார்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்கு வைத்திருக்கும் அளவுகளும் எளிமையானவை: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் விழிப்பாக இருக்க வேண்டும், 100 என்றால் வெளியேற ஆயத்தமாக வேண்டும், 150 என்றால் வெளியேறிவிட வேண்டும். ஆகவே பிள்ளைகளிடம் நான் கொடுக்கும் வேலை இதுதான்: "பிளாஸ்டிக் போத்தலில் மழைமானி செய்யுங்கள். மின்சாரம் போன இரவில், வாசிக்கத் தெரியாத உங்கள் அப்பாயி அதைப் பார்த்து வீட்டாரை எழுப்ப வேண்டும்."

அதன் பிறகு விஞ்ஞானம் தானாக வந்து சேர்கிறது. போத்தலின் அடி மேடும் பள்ளமுமாக இருப்பதால் அளவு பிழைக்கிறது; கூழாங்கல் போட்டு, தண்ணீர் ஊற்றி, அதன் மட்டத்தைப் பூச்சியமாகக் குறிக்கிறார்கள். அகலமான போத்தலில் மட்டம் உயருமா, குறையுமா என்று பெரிய வாக்குவாதம் நடக்கும். மேற்பகுதியை வெட்டிவிட்டு இரண்டு போத்தல்களையும் மழையில் வைத்தால் மட்டம் ஒன்றாகவே நிற்கிறது. மழையை ஏன் லீற்றரில் சொல்லாமல் மில்லிமீற்றரில் சொல்கிறோம் என்பதை அதற்குமேல் நான் விளக்க வேண்டியிருப்பதில்லை. கூரைத் தண்ணீர் சொட்டும் இடத்தில் வைக்கக்கூடாது என்பதையும் அவர்களே கண்டுபிடிக்கிறார்கள். டோர்ச் வெளிச்சத்தில், அளவைக் காட்டப் போட்ட மஞ்சள் கோடு சரியாகத் தெரியவில்லை என்று ஒரு மாணவி மூன்று அளவுகளுக்கும் படம் வரைந்தாள்: திறந்த கண், கட்டிய மூட்டை, நடக்கும் பாதங்கள். இதைவிடத் தெளிவான எச்சரிக்கைப் பலகையை நான் எங்கும் பார்த்ததில்லை.

வரைவதற்கு இன்னொரு பயனும் உண்டு. தேயிலைக்கு நடுவிலேயே வளர்ந்த பிள்ளையிடம் தேயிலை இலையை வரையச் சொன்னால் மாவிலையைத்தான் வரைகிறது. கொழுந்தைக் கையில் கொடுத்து, பார்த்து வரையச் சொல்லுங்கள். ஓரத்தில் பற்கள் இருப்பதும், கிளை நரம்புகள் விளிம்பைத் தொடாமல் வளைந்து அடுத்த நரம்போடு சேர்வதும் அப்போதுதான் கண்ணில் படுகின்றன. நரம்புக் கலங்களை நுணுக்குக்காட்டியில் பார்த்துக் கையால் வரைந்த ஸ்பானியர் ரமோன் இ கஹால் 1906இல் நோபல் பரிசு பெற்றார். அந்தப் படங்கள் அவருடைய ஆய்வின் உயிர்.

சித்திரம் மட்டுமல்ல, இசையும் அப்படித்தான். மலையகத் தோட்டங்களில் ஆடும் காமன் கூத்துக் காலத்தில் தப்பு என்ற தோல் மேளத்தை ஏன் நெருப்பில் காய்ச்சுகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஈரம் போய்த் தோல் இறுகுகிறது, இழுவை கூடுகிறது, சுருதி உயர்கிறது. ஒலிப் பாடத்துக்கு வேறு உபகரணம் தேடத் தேவையில்லை.

சாதாரண தரப் பரீட்சை நெருங்கியதும் சித்திரப் பாடவேளையைக் கணிதத்துக்கு எடுத்துக்கொள்ளும் வழக்கம் பல பாடசாலைகளில் இருக்கிறது. எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. 2013இல் ஆரம்பித்த உயர்தரத் தொழினுட்பப் பிரிவிலேயே மூன்றாவது பாடமாகச் சித்திரத்தைத் தெரிவு செய்யலாம். பாடத்திட்டம் திறந்து வைத்திருக்கும் கதவை நாம் ஏன் தரம் 10இலேயே சாத்த வேண்டும்?

நீங்கள் ஆசிரியர் என்றால், சித்திர ஆசிரியரோடு பேசி இரண்டு பாடவேளைகளை அடுத்தடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பழைய போத்தல், மார்க்கர், கத்தரிக்கோல் போதும். புள்ளி போடும்போது அழகைப் பார்க்காதீர்கள். வேறு வகுப்புப் பிள்ளை ஒன்றை அழைத்து, எந்த விளக்கமும் சொல்லாமல் மழைமானியை வாசிக்கச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளை சரியாக வாசித்தால் முழுப் புள்ளி. தடுமாறினால் செய்தவரிடமே திருப்பிக் கொடுத்து, மாற்றிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.