இரண்டு அழைப்புக் கடிதங்களும் ஒரு தாயின் கேள்வியும்

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. காட்டுயிர்ப் பாதுகாப்புப் பயிற்சிக்காக மகள் வேறொரு நாட்டின் காட்டுக்குள் நான்கு மாதம் தனியாக இருப்பது ஆபத்தில்லையா என்பது ஒன்று. அதற்கு நீண்ட பத்திகளை ஒதுக்கியிருக்கிறீர்கள். திரும்பி வந்தால் வேலை கிடைக்குமா என்பது மற்றொன்று, ஒரே வரி. உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அந்த ஒரு வரிதான் என்று எனக்குப் படுகிறது. ஆனால் இரண்டுக்குமான விடை நீங்கள் இணைத்து அனுப்பிய கடிதங்களிலேயே பாதி இருக்கிறது.

முதல் கடிதம் வழவழப்பானது. சிங்கக்குட்டிக்குப் புட்டியில் பால் கொடுக்கும் இளம்பெண்ணின் படம், நான்கு வாரத்துக்கு ஒரு பெருந்தொகை, முடிவில் ஒரு சான்றிதழ். இதை அப்படியே ஒதுக்கிவிடுங்கள். மனிதர் கொஞ்சி வளர்த்த குட்டியைக் காட்டில் விட்டால் அது பிழைப்பது அரிது. வளர்ந்தபின் அது எங்கே போகிறது என்று இவர்கள் எழுதியிருக்கிறார்களா? தென்னாப்பிரிக்காவில் இப்படி வளர்க்கப்பட்ட சிங்கங்கள் வேலிக்குள் வைத்துச் சுடும் வேட்டைக்கு விற்கப்பட்டது ஊரறிந்த விஷயம். துறையில் இருப்பவர்கள் இந்தச் சான்றிதழைப் பார்த்தால் உங்கள் மகளுக்கு அது உதவாது. சில இடங்களில் கெடுதலே செய்யும்.

இரண்டாவது கடிதம் அமெரிக்காவிலுள்ள பருந்து ஆய்வு மையத்திலிருந்து வந்தது. உங்களுக்கு அது பிடிக்கவில்லை என்பது தெரிகிறது. இரண்டே பக்கம், படம் கிடையாது, 'பனியிலும் மழையிலும் பல மணி நேரம் ஒரே இடத்தில் நிற்க நேரும்' என்று ஒரு வாக்கியம் வேறு. எனக்கு அந்த வாக்கியம்தான் நம்பிக்கை தந்தது. என்ன வேலை, யார் மேற்பார்வை, எங்கே தங்குவது, மாதப்படி எவ்வளவு, காப்பீட்டை யார் கட்டுவது என்று எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: இது இடம் கிடைத்துவிட்டதற்கான கடிதம் அல்ல, முதல் சுற்றில் தேர்வானதற்கான கடிதம். மகள் தன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதி அனுப்ப வேண்டும்.

இந்தப் பயிற்சிக்கு வெளிநாடு எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். மொரீஷியஸ் தீவில் கெஸ்ட்ரல் என்னும் சிறிய வல்லூறு இருக்கிறது. 1974-இல் காட்டில் அறியப்பட்டவை நான்கே நான்கு. அதை மீட்டவர்கள் முதலில் இட்ட முட்டைகளைக் கூட்டிலிருந்து எடுத்துச் செயற்கையாகப் பொரித்தார்கள். பறித்தால் தாய்ப் பறவை மறுபடி முட்டையிடும். அதற்குக் கூடுதல் இரை கொடுத்தார்கள், பெட்டிக் கூடுகளை மரத்தில் கட்டினார்கள். பின்னர் அந்தப் பறவை நூற்றுக்கணக்கில் பெருகியது. முட்டையை எந்த நாளில் எடுப்பது, எப்படிப் பிடிப்பது என்பதெல்லாம் கைவேலை. செய்தவரின் பக்கத்தில் நின்றுதான் கற்க வேண்டும். இந்தத் துறையில் ஆட்கள் நாடுவிட்டு நாடு போவதற்கு இதுதான் காரணம். இயற்கையியலாளர் ஜெரால்ட் டரல் ஜெர்சி தீவில் 1959-இல் திறந்த விலங்குக்காட்சியகத்திலிருந்து வளர்ந்த டரல் அறக்கட்டளை இன்றும் பல நாட்டு இளம் பணியாளர்களுக்குப் பயிற்சி தருகிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ரோசலி எட்ஜ் 1934-இல் தொடங்கிய ஹாக் மவுண்டன் பருந்துச் சரணாலயமும் வெளிநாட்டுப் பயிற்சியாளர்களைத் தங்கவைத்துப் படி கொடுத்துக் கற்பிக்கிறது. ஓர் அழைப்பு நம்பத்தக்கதா என்று ஐயம் வந்தால் இத்தகைய இடங்களின் அறிவிப்புகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இனி அந்த ஒரு பக்கம். மகள் எழுதிய வரைவைப் படித்தேன். 'சிறு வயது முதலே இயற்கையின் மீது எனக்குத் தணியாத காதல்' என்று தொடங்குகிறது. விண்ணப்பிக்கும் அத்தனை பேரும் இப்படித்தான் தொடங்குவார்கள். அவளுடைய களக்குறிப்பேட்டின் நகலையும் அனுப்பியிருந்தீர்களே, அதைப் பார்த்தபிறகுதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். தேதி, நேரம், மேகமூட்டம், காற்று, எண்ணிக்கை என்று இரண்டு ஆண்டுகள், ஞாயிறுதோறும். ஓரிடத்தில் சிவப்பு மையில் 'சென்ற மாதம் நடுத்தரக் கொக்கு என்று எழுதியவை பெரிய கொக்காக இருக்கலாம், சரிபார்' என்று தனக்குத்தானே எழுதிவைத்திருக்கிறாள்.

அவள் எழுத வேண்டியது இதைத்தான்: 'இரண்டு ஆண்டுகளாக ஞாயிறு காலை ஆறு முதல் எட்டு வரை ஒரே ஏரியின் ஒரே கரையில் நின்று பறவைகளை எண்ணினேன். முதல் ஆறு மாதம் கொக்கினங்களைப் பிரித்தறிவதில் தவறு செய்தேன், பழைய குறிப்புகளைத் திருத்தினேன்.' தவறை ஒப்புக்கொண்டால் இடம் போய்விடும் என்று அவள் பயப்படலாம். தேர்வுக் குழுவில் இருப்பவர்கள் ஆண்டுக்கணக்கில் பிறரது தரவுகளோடு மல்லுக்கட்டியவர்கள். தன் பிழையைக் குறித்துவைப்பவளைத்தான் அவர்கள் தேடுகிறார்கள்.

இந்த இடம் கிடைக்காமலும் போகலாம். வேறு வழிகளும் இருக்கின்றன. கான்சர்வேஷன் லீடர்ஷிப் புரோகிராம் 1985 முதல் இளம் பணியாளர்களுக்கு நிதி தருகிறது. தனியாக விண்ணப்பிக்க முடியாது, குழுவாக வர வேண்டும். சொந்த நாட்டிலேயே ஒரு சிறு திட்டம் நடத்த ரஃபோர்ட் அறக்கட்டளை உதவுகிறது. கேம்பிரிட்ஜில் 2000 முதல் நடக்கும் மாணவர்களுக்கான இயற்கைப் பாதுகாப்பு அறிவியல் மாநாட்டில் அவள் தன் ஏரிக் கணக்கைப் பற்றிப் பேச முயலலாம். பிரிட்டனில் முதுநிலைப் படிப்புக்கான செவனிங் உதவித்தொகை இப்போதைக்கு வேண்டாம்: அதற்கு 2,800 மணி நேர வேலை அனுபவம் காட்ட வேண்டும், படிப்பு முடிந்ததும் இரண்டு ஆண்டு சொந்த நாட்டில் இருக்க வேண்டும். எராஸ்மஸ் முண்டஸ் முதுநிலைப் படிப்புகள் ஐரோப்பாவில் ஒன்றுக்கு மேற்பட்ட நாடுகளில் படிக்கவைப்பவை. அடுத்த ஆண்டு யோசிக்கலாம்.

பாதுகாப்பைப் பற்றி மையத்திடம் கேளுங்கள், என்னிடம் அல்ல. காட்டுக்குள் தனியாக அனுப்புவார்களா, இருவராகவா? கைபேசி எட்டாத இடத்தில் தொடர்புக்கு என்ன? மருத்துவமனை எத்தனை மணி நேரத் தொலைவு? பாலியல் தொல்லை நேர்ந்தால் யாரிடம் புகார் சொல்வது, அந்த நபர் மேற்பார்வையாளராகவே இருந்தால்? கடைசிக் கேள்வியை எழுதக் கூச்சமாக இருக்கும். எழுதுங்கள். நல்ல நிறுவனம் அன்றைக்கே எழுத்துவடிவ விதிகளை அனுப்பும். முன்பு அங்கே பயிற்சி பெற்ற பெண் ஒருவரிடம் பேச ஏற்பாடு செய்யவும் சொல்லுங்கள். வெளவால்களையோ பாலூட்டிகளையோ கையாளும் வேலையும் இருந்தால் வெறிநாய்க்கடித் தடுப்பூசியைப் புறப்படும் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும்.

விசாவில் குறுக்குவழி வேண்டாம். சம்பளம் இல்லையே, சுற்றுலா விசாவில் போகலாம் என்று சிலர் சொல்வார்கள். அமெரிக்காவில் பயிற்சியாளர்களுக்கென்றே ஜே-1 விசா இருக்கிறது. அதற்கான படிவத்தை அனுமதி பெற்ற அமைப்பு ஒன்றுதான் தர முடியும். யார் தருவார்கள் என்று இப்போதே கேட்டுவையுங்கள். இன்னொன்று, சிறியதுதான்: உதிர்ந்து கிடக்கும் பருந்து இறகை நினைவுப்பொருளாகப் பையில் போட்டுக்கொண்டு வரக் கூடாது. 1918-இன் இடம்பெயர் பறவைகள் சட்டப்படி உரிமம் இல்லாமல் இறகை வைத்திருப்பதே குற்றம்.

வேலைக்கு வருகிறேன். நிலையான மாதச் சம்பளத்துக்கு இந்தப் பயிற்சி உறுதி தராது. இந்தத் துறையில் தொடக்க வேலைகள் பெரும்பாலும் ஓராண்டு, ஈராண்டுத் திட்டங்கள்தான். நிதி முடிந்தால் வேலையும் முடியும். அதை மறைத்து உங்களுக்கு ஆறுதல் சொல்ல நான் விரும்பவில்லை. ஆனால் அடுத்த திட்டத்துக்கு ஆள் தேடுபவர் கேட்பவை மூன்று: களத்தில் தாக்குப்பிடிப்பாளா, தரவைக் கணினியில் ஒழுங்குபடுத்தி வரைபடமாக்கத் தெரியுமா, அறிக்கை எழுதுவாளா. முதலாவதுக்குக் குறிப்பேடே சாட்சி. மற்ற இரண்டையும் அந்த நான்கு மாதத்தில் கேட்டுக் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். கிளம்பும் முன் மேற்பார்வையாளரிடம் பரிந்துரைக் கடிதத்தையும் வாங்கிவிட வேண்டும்.

திருத்திய பக்கத்தை வியாழனுக்குள் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். கடைசித் தேதி அவர்கள் ஊர் நேரப்படி என்று போட்டிருக்கிறது, உங்கள் கடிகாரத்தை நம்ப வேண்டாம். முதல் கடிதக்காரர்கள் முன்பணம் கேட்டு மறுபடி எழுதினால் பதில் போட வேண்டியதில்லை.