பெண் குழந்தைக்குப் பாட்டி காலத்துப் பெயர் வைத்தால் செல்லப் பெயரை எப்படித் தேர்வது?

மங்கையர்க்கரசி, விசாலாட்சி, கோமதி என்ற மூன்று பெயர்களைச் சொல்லி, பள்ளியில் கேலி செய்வார்களா, வீட்டில் எப்படிச் சுருக்கிக் கூப்பிடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றுமே நல்ல பெயர்கள், தயங்காமல் வையுங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பதியும் பெயரையும் கூப்பிடும் பெயரையும் ஒரே சமயத்தில் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். கூப்பிடும் பெயர் முழுப் பெயருக்குள்ளிருந்தே வரவேண்டும். ஆசையாகப் பழைய பெயரைப் பதிந்துவிட்டு வீட்டில் 'டிம்பிள்' என்று கூப்பிட்டால், வகுப்பில் வருகைப் பதிவு வாசிக்கும்போது குழந்தை நிமிர்ந்துகூடப் பார்க்காது. பத்து வருடம் கழித்து முழுப் பெயர் அவளுக்கே அந்நியமாகிவிடும்.

பழைய பெயர்களிலும் வகை உண்டு. அம்மா, பெரியம்மா வயதுக்காரர்களின் பெயர்கள்தான் இன்று பழசாகக் கேட்கின்றன. அதற்கும் முந்தைய தலைமுறைகளின் பெயர்களோ புதிதாக ஒலிக்கின்றன. திலகவதி, புனிதவதி, குந்தவை எல்லாம் அப்படித்தான். அவற்றுக்குப் பின்னால் ஆளும் இருக்கிறார். 63 நாயன்மார்களில் பெண்கள் மூவர். அவர்களில் ஒருவரான மங்கையர்க்கரசியார் பாண்டிமாதேவி, சம்பந்தரின் காலத்தவர். புனிதவதி என்பது காரைக்கால் அம்மையாரின் இயற்பெயர். அம்மன் பெயர்களுக்கு ஊரே உண்டு: கோமதி என்றால் சங்கரன்கோவில், காந்திமதி என்றால் திருநெல்வேலி, தையல்நாயகி என்றால் வைத்தீஸ்வரன்கோவில். "எனக்கு ஏன் இந்தப் பேர்?" என்று மகள் கேட்கும் வயதில் இந்தப் பதில் கையில் இருப்பது பெரிய பலம். அதனால் ஒலிக்காக மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள்.

தமிழில் பெயரைச் சுருக்க மூன்று வழிகள்தான் பெரும்பாலும் புழங்குகின்றன. முன்பாதியை எடுப்பது: அகிலாண்டேஸ்வரி அகிலா ஆவாள், வடிவுக்கரசி வடிவு ஆவாள். பின்பாதியை எடுப்பது: காந்திமதி மதியாவாள், அன்னபூரணி பூரணியாவாள். மூன்றாவது, தொடக்கத்தில் இரண்டு மூன்று எழுத்தை வைத்துக்கொண்டு கடைசியில் உகரமோ இகரமோ சேர்ப்பது: அலமேலு அலமு, கோமதி கோமு, ராஜலட்சுமி ராஜி. இதில் கவனிக்கவேண்டியது முடிவெழுத்து. உகரத்தில் முடிவது வீட்டுக்குள் கொஞ்சுவதற்கு ஏற்றது. அலுவலகத்தில் நாற்பது வயதில் 'கோமு' என்று அறிமுகம் செய்துகொள்ள எல்லோருக்கும் மனம் வராது. 'ஆ', 'இ' முடிவுகள் வெளியிலும் செல்லும். 'அம்' முடிவு, விசாலம், தனம் என்பதுபோல, குழந்தைக்குக் கொஞ்சம் கனமாக இருக்கும். வயது ஏற ஏறப் பொருந்தும். எனவே வீட்டுக்கு ஒன்று, வெளிக்கு ஒன்று என இரண்டு சுருக்கங்கள் வைத்துக்கொள்வதில் தவறே இல்லை, இரண்டும் ஒரே பெயரிலிருந்து பிறந்திருந்தால் போதும்.

மங்கையர்க்கரசியையே எடுத்துக்கொள்வோம். முன்பாதி மங்கை, பின்பாதி அரசி. உகரம் சேர்த்தால் 'மங்கு' வரும், அதைத் தவிர்த்துவிடுங்கள். ஒளி மங்குவதும் மங்கு சனியும்தான் பெரியவர்களுக்கு நினைவுக்கு வரும். 'அரசி' அழகுதான், ஆனால் ஒன்றாம் வகுப்பில் இரண்டே நாளில் 'அரிசி' ஆகிவிடும். அதனால் அரசியை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு வெளியே மங்கை என்று பழக்கலாம். ஐகாரத்தில் முடியும் பெயர்கள் பேச்சில் தேயும் என்பதும் தெரிந்திருக்கட்டும்: மங்கை 'மங்க' என்றும் கோதை 'கோத' என்றும் ஆகும். அந்தத் தேய்ந்த ஒலி உங்களுக்குப் பிடிக்கிறதா என்று பாருங்கள், தினமும் காதில் விழப்போவது அதுதான். பக்கத்து அறையிலிருந்து ஒரு முறை, மாடியிலிருந்து ஒரு முறை, கோபமாக ஒரு முறை என்று உரக்கக் கூப்பிட்டுப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

மற்ற இரண்டில், விசாலாட்சிக்கு 'விசாலி' என் தேர்வு. 'விசா' என்று விட்டால் வெளிநாட்டு விசாதான். 'விசு' ஆண் பெயராகக் கேட்கும். கோமதி ஏற்கெனவே மூன்றெழுத்து. சுருக்காமலே கூப்பிடலாம், கொஞ்சலுக்குக் கோமு இருக்கிறது. இதேபோல, பாகீரதியை 'பாகி' என்று சுருக்கப் பார்ப்பவர்கள் வெளிநாட்டில் வாழும் எண்ணமிருந்தால் யோசிக்கவேண்டும். இங்கிலாந்தில் தெற்காசியர்களை இழிவுபடுத்தும் ஒரு சொல்லுக்கு அது ஒலியில் நெருக்கம். தையல்நாயகியைத் 'தையல்' என்று விட்டால் தையல் மெஷின்தான் வரும், 'தையு' நல்லது.

கேலி வருமா என்று பெயரைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, சுருக்கத்தைப் பார்த்துத்தான் முடியும். முதலெழுத்தை மாற்றி, ஒரு குறிலை நெடிலாக்கி, நடுவில் ஒரு எழுத்தைக் கூட்டி எல்லா வகையிலும் சொல்லிப் பாருங்கள். வீட்டில் ஆறேழு வயதுப் பிள்ளை இருந்தால் அவனிடமே கொடுங்கள், அரை நிமிடத்தில் சொல்லிவிடுவான். இனிஷியலோடும் எழுதிப் பாருங்கள். சுருக்கத்தையே பதிவுப் பெயராக்கி மதி என்று வைத்து, அப்பா பெயர் சுந்தரமாக இருந்தால், 'சு. மதி' எல்லா இடத்திலும் சுமதியாகிவிடும்.

அதனால்தான் சான்றிதழில் முழுப் பெயரைப் பதியச் சொல்கிறேன். நீளப் பெயரிலிருந்து சுருக்கத்துக்கு எப்போது வேண்டுமானாலும் வரலாம். 'மங்கை' என்று பதிந்துவிட்டால் மங்கையர்க்கரசிக்குத் திரும்பக் காகித வேலை நிறைய. இந்தியாவில் பிறப்பை 21 நாளுக்குள் பதியவேண்டும், ஆனால் பெயரைச் சேர்க்க 12 மாதம் வரை கட்டணமில்லா அவகாசம் உண்டு, அதன்பின் தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டு வரை. எனவே மருத்துவமனைப் படுக்கையில் அவசரப்பட்டு எழுதித் தராதீர்கள்.

எழுத்துப்பிழை பெரும்பாலும் அங்கேதான் நுழைகிறது. மங்கையர்க்கரசியில் 'க்' விட்டுப்போகும், 'கை' வெறும் 'க' ஆகும். தமிழிலும் ஆங்கிலத்திலும் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, அச்சான சான்றிதழை அங்கேயே எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். ஆங்கிலத்தில் கோமதியை ஜியில் தொடங்குவதா கேயில் தொடங்குவதா, நடுவில் டியா டிஎச்சா என்று நான்கு விதமாக எழுதமுடியும். ஒன்றை முடிவு செய்து ஆதார், பள்ளி, பாஸ்போர்ட் மூன்றிலும் அதையே எழுதுங்கள். எண்கணிதத்துக்காகக் கூடுதல் ஏ, எச் சேர்ப்பவர்கள் பிறப்புச் சான்றிதழிலேயே சேர்த்துவிடவேண்டும். பாதி வழியில் சேர்த்தால் ஆவணங்கள் ஒன்றோடொன்று பொருந்தாது. பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டுவிடுங்கள். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் சில நாடுகளின் விசாவில் சிக்கல் வரும்.

கூப்பிடும் பெயரை முதல் சில மாதங்களுக்குள் நிலைப்படுத்திவிடுவது நல்லது. நாலரை, ஐந்து மாத வாக்கிலேயே குழந்தைக்குத் தன் பெயரின் ஒலி பிடிபடத் தொடங்கும். அதுவரை 'அம்மு', 'பாப்பா', 'குட்டி' என்று ஆளுக்கொன்றாகக் கூப்பிட்டால், அவற்றில் ஒன்று ஒட்டிக்கொண்டு கல்யாண வயதுவரை வரும். தூங்க வைக்கும்போதும் குளிப்பாட்டும்போதும் முழுப் பெயரைச் சொல்லுங்கள், மற்ற நேரம் சுருக்கம். பேசத் தொடங்கும்போது 'ர', 'ழ' இரண்டும் தாமதமாகத்தான் நாவில் வரும். ராஜி என்பவள் தன்னை 'லாஜி' என்பாள், அரசி 'அலசி' என்பாள். அதைக் கேட்டுக் கொண்டாடி நீங்களும் அப்படியே கூப்பிடத் தொடங்காதீர்கள். மூன்று வயதில் பள்ளிக்கு அனுப்பும்போது முழுப் பெயரையும் சுருக்கத்தையும் ஆசிரியரிடம் சேர்த்தே சொல்லுங்கள், அவருக்கு முன்பாகவே மகளையும் இரண்டையும் ஒருமுறை சொல்லச் சொல்லுங்கள்.