ஒபாமாவும் ரைட் பாதிரியாரும்

கே: 2008 அமெரிக்க அதிபர் தேர்தலில் ஜெரமையா ரைட் பாதிரியார் விவகாரத்தை ஒபாமா கையாண்ட விதம் சரியா? ஊடகங்கள் ஊதிப் பெரிதாக்கினவா?

ப: ஊதின, சந்தேகமே இல்லை. ரைட், ஒபாமா போய்வந்த சிகாகோ தேவாலயத்தின் பாதிரியார், ஒபாமாவின் கல்யாணத்தை நடத்திவைத்தவரும் அவரே. அவரது பழைய பிரசங்கங்களில் அமெரிக்காவைச் சபிக்கிற துண்டுகளை மார்ச்சில் ஏபிசி தொலைக்காட்சி காட்ட, அப்புறம் எல்லாச் சேனலும் அதையே ராப்பகலாகப் போட்டன. முன்னும் பின்னும் அவர் என்ன சொன்னார் என்று காட்ட யாருக்குமே பொறுமையில்லை, அதுதான் எனக்குக் கோபம்.

ஒபாமா நினைத்திருந்தால் நழுவியிருக்கலாம், ஆனால் நழுவவில்லை. மார்ச் 18-ல் பிலடெல்பியாவில் அரைமணி நேரத்துக்கு மேல் இனப் பிரச்சினையைப் பற்றியே பேசினார். ரைட்டின் பேச்சைக் கண்டித்தார், ஆளைக் கைவிட மறுத்தார். தன்னை வளர்த்த வெள்ளைக்காரப் பாட்டியே தெருவில் எதிர்ப்படும் கறுப்பின ஆண்களைக் கண்டு பயந்ததாகச் சொன்னதையும் மறைக்கவில்லை. ஓட்டுக் கேட்கிற நேரத்தில் இதைச் சொல்ல நெஞ்சுரம் வேண்டும்.

கே: பிறகு ரைட்டைக் கைகழுவிவிட்டாரே?

ப: ஆமாம். ஏப்ரல் 28-ல் வாஷிங்டனில் பத்திரிகையாளர்கள் முன்னால், எய்ட்ஸ் நோயை உண்டாக்கியதில் அமெரிக்க அரசுக்குப் பங்கு உண்டு என்கிற சந்தேகத்தை ரைட் மறுபடி கிளறினார். மறுநாளே ஒபாமா உறவை முறித்துக்கொண்டார், மே முடிவில் தேவாலயத்தையும் விட்டார். ஆதாரமில்லாத பேச்சுக்கு அவர் எதற்குத் துணைபோக வேண்டும்? முறித்தது நியாயம்தான்.