உச்சி வெயிலில் மட்டும் நின்றுபோகும் அம்பாசிடர்: என்ன கோளாறு?

காலையில் ஒழுங்காக ஓடும் பெட்ரோல் அம்பாசிடர், மதியம் காரைக்குடியிலிருந்து பிள்ளையார்பட்டி போவதற்குள் இருமி நின்றுவிடுகிறது. அரை மணி ஆறவிட்டால் கிளம்புகிறது என்கிறீர்கள். எனக்குப் பெட்ரோல் பம்பின் மேல்தான் சந்தேகம். இன்ஜினோடு ஒட்டியிருக்கும் பம்பு சூடேறினால் உள்ளேயே பெட்ரோல் ஆவியாகிவிடும். ஆவியைப் பம்பால் தள்ள முடியாது. எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம்.

அடுத்த முறை நின்றதும் ஏர் ஃபில்டரைக் கழற்றி (பீடி பிடிப்பவரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு) ஆக்சிலரேட்டரை இழுத்துப் பாருங்கள். கார்புரேட்டருக்குள் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) பெட்ரோல் பீய்ச்சவில்லையா? பம்பின் மேல் ஈரத்துணி சுற்றுங்கள், பழைய டிரைவர்களின் வைத்தியம். துணி சுற்றும் முன்பே பீய்ச்சினால், ஸ்பார்க்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலைப் பாருங்கள். சூட்டில் ஸ்பார்க் போய், ஆறினால் திரும்பும். துணி வைத்தியம் பலித்தால், பெட்ரோல் குழாயை சைலன்ஸர் பக்கத்திலிருந்து தள்ளிக் கட்டச் சொல்லுங்கள்.